யாருடைய பெயர் இது? பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஆண்பிள்ளைப் பெயர்களின் வேர்கள்

காவிரிப் படுகையின் தென்கோடியில் அமைந்த பட்டுக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் முந்தைய தலைமுறை ஆண்களிடையே 'நாடிமுத்து' என்ற பெயர் இயல்பாக வழங்கியது. விடுதலைப் போராட்டக் காலத்தில் இப்பகுதிக் காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய நாடிமுத்துப் பிள்ளை அப்பெயரைப் பொதுவாழ்வில் நிலைநிறுத்தியவர். அகராதியை மட்டும் துணைக்கொண்டால் 'தேடிக் கண்டெடுத்த முத்து' என்று அதற்குப் பொருள் சொல்லிவிடலாம், கேட்க அழகாகவும் இருக்கும். ஊராருக்கோ அது பட்டுக்கோட்டையின் காவல்தெய்வமான நாடியம்மனின் பெயர். பின்னால் நிற்கும் 'முத்து' கடலில் விளைவதுமன்று, அம்மை நோயில் உடலெங்கும் எழும் கொப்புளத்துக்கு மக்கள் அச்சத்தோடும் பணிவோடும் இட்ட பெயர். மாரிமுத்து, முத்துமாரி, முத்துசாமி என்று தமிழகம் முழுவதும் பரவியுள்ள பெயர்களில் பலவற்றுக்கும் இந்த 'முத்து'வே வேர். இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஓய்ந்தது, உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. நோய் போன பின்னும் பெயர் நிற்கிறது. இவ்வட்டாரத்து ஆண்பிள்ளைப் பெயர்களை ஆராயப் புகுவோர் பெயருக்கு என்ன பொருள் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, அது யாருடைய பெயர், எந்தக் கடனுக்காக வைத்த பெயர் என்று முதலில் கேட்பதே பயன்தரும். தெய்வத்துக்கு நேர்ந்த கடன், பாட்டனுக்குச் செலுத்தும் கடன், தலைவருக்குப் பட்ட கடன் என்ற மூன்றும் இங்கே மாறிமாறிப் பேசுகின்றன.

இவற்றுள் பாட்டன் கடனே பழமையானது. 'பேரன்' என்ற உறவுச்சொல் 'பெயரன்' என்பதன் மருஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். தந்தைவழிப் பாட்டன் பெயரைத் தலைமகனுக்கும், தாய்வழிப் பாட்டன் பெயரை அடுத்தவனுக்கும் வைப்பது பல குடும்பங்களில் எழுதாச் சட்டமாக இருந்தது. பண்டைய ஏதென்சிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையே பெரும்பாலும் வைத்தார்கள் என்பதால் இதனைத் தமிழர்க்கு மட்டுமே உரிய வழக்கென்று கொண்டாட இடமில்லை. ஆயினும் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னிடும் தமிழ் முறையோடு இது சேரும்போது ஒரு விந்தையான விளைவு உண்டாகிறது. அருணாசலத்தின் மகன் கல்யாணசுந்தரம் என்றால் அவர் 'அ. கல்யாணசுந்தரம்', அவருடைய மகனுக்குப் பாட்டன் பெயரை வைத்தால் அவன் 'க. அருணாசலம்', அவனுடைய மகன் மறுபடியும் 'அ. கல்யாணசுந்தரம்'. இரண்டு எழுத்துகளும் இரண்டு பெயர்களும் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறிக்கொண்டே இருக்க, ஒன்றுவிட்ட தலைமுறையினர் ஏட்டில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். பட்டாவிலும் பத்திரத்திலும் எந்த அருணாசலம் என்று துலக்க வேண்டிய வேலை கிராம நிர்வாக அலுவலர்களுக்கு இதனாலேயே வாய்க்கிறது.

இவ்வழக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இடையூறும் இருந்தது. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லலாகாது என்ற மரபு இறுக்கமாக இருந்த காலத்தில், பெற்ற மகனுக்கே மாமனார் பெயர் அமைந்தபின் தாய் அவனை எப்படி அழைப்பாள்? 'தம்பி', 'ராசா', 'சின்னய்யா', 'அப்பு' போன்ற விளிகள் அந்த இடத்தை நிரப்பின. பட்டுக்கோட்டைப் பக்கத்து முதியவர் பலருக்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் தெருவில் வேறொரு பெயரும் இருப்பதற்கு அன்பு ஒரு காரணம் என்றால் இந்த நாத்தடை மற்றொரு காரணம்.

தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் நிறுத்தும் அமைப்பு ஆங்கிலேயர் காலத்து அலுவலகங்களில் தோன்றியது என்று சிலர் எண்ணுவதுண்டு. எழுத்தாகச் சுருங்கியது மட்டுமே அக்காலத்தது, அமைப்பு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதற்குத் திறந்த சான்று. கோயிலின் நிர்வாகத்தைக் கவனித்த அலுவலர் அங்கே 'ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான்' என்று குறிக்கப்படுகிறார்: ஆதித்தன் என்பது தந்தையின் பெயர், சூரியன் அவருடைய இயற்பெயர், 'ஆன' என்ற சொல்லுக்குப் பின் வருவது அரசு அளித்த பட்டம். திருச்சுற்று மாளிகையை எழுப்பிய படைத்தலைவர் 'கிருஷ்ணன் ராமனான மும்முடிச்சோழப் பிரமமாராயன்' என்பதும் இதே கட்டமைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகிய மூவரும் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பெயரடைவு, பட்டங்களையும் நிலவுடைமையையும் இணைத்துச் சோழ அரசின் அமைப்பையே படிக்க வழிகாட்டியது. பெயர் என்பது வரலாற்றுச் சான்றாதாரம் என்பதை இதைவிடத் தெளிவாக நிறுவிய பணி தமிழகத்தில் அரிது.

அக்கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கூத்தன், சாத்தன், அரங்கன் போன்ற பெயர்கள் இன்றைய செவிக்குப் புதுமையாக ஒலிக்கலாம். கூத்தன் தில்லைப் பெருமானே. அவன் பிற்காலத்தில் நடராஜன் ஆனான். சாத்தன் என்ற பெயருக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஓர் ஆணின் பெயரை எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டிய இடங்களில் சாத்தனையும் கொற்றனையுமே அழைப்பார்கள். மணிமேகலை ஆசிரியரின் பெயரும் சாத்தனார். இந்தச் சாத்தன் ஊர்ப்புறத்து ஐயனாரே என்று அறிஞர் பலர் கருதுவர். அவ்வாறாயின் கண்மாய்க்கரையில் மண்குதிரைகளோடு வீற்றிருக்கும் ஐயனாரை நினைத்து அய்யாக்கண்ணு, அய்யாச்சாமி என்று பெயரிடும் குடியானவர், பெருங்கோயில்களின் வடமொழிப் பெயர்களைக் காட்டிலும் பழைய அடுக்கு ஒன்றை அறியாமலே காத்துவந்திருக்கிறார்.

காவிரிப் படுகையின் வடபகுதியில் ஒருவரின் பெயரைக் கேட்டே அவருடைய ஊரை ஏறத்தாழ ஊகிக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. தியாகராஜன் என்றால் திருவாரூர், வைத்தியநாதன் என்றால் வைத்தீஸ்வரன்கோயில், சாமிநாதன் என்றால் சுவாமிமலை, மகாலிங்கம் என்றால் திருவிடைமருதூர், ராஜகோபாலன் என்றால் மன்னார்குடி, சட்டநாதன் என்றால் சீர்காழி, ஆபத்சகாயம் என்றால் ஆலங்குடி, வேதரத்தினம் என்றால் வேதாரண்யம், சிங்காரவேலு என்றால் சிக்கல். இசையறிஞர் தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்ததும், 1930இன் உப்புச் சத்தியாகிரகத்தில் முன்னின்ற சர்தார் வேதரத்தினம் வேதாரண்யத்துக்காரர் என்பதும் இந்த ஊகத்துக்குப் பொருந்தி வருகின்றன. பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்த மக்கள் கவிஞரின் பெயரான கல்யாணசுந்தரம், குத்தாலத்தை அடுத்த திருமணஞ்சேரியில் மணக்கோலம் கொண்ட சிவபெருமானுடையது.

இவ்வரிசையில் 'பஞ்சாபகேசன்' தனியே நின்று கவனிக்கத்தக்கது. இப்பெயரில் பஞ்சாப் மாநிலத்தைக் காண்போரும் கேசத்தைத் தேடுவோரும் உண்டு. பஞ்ச, ஆபகா, ஈசன் என்று பிரித்தால் மர்மம் விலகும்: ஆபகா என்பது ஆற்றைக் குறிக்கும் வடசொல், ஆகவே ஐந்து ஆறுகளின் இறைவன். தலம் திருவையாறு, தமிழில் அவரே ஐயாறப்பர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அந்த ஐந்தையும் எண்ணுவார்கள். இத்துணை நுட்பமாகப் புனைந்த பெயரைத் தஞ்சைத் தெருக்கள் 'பஞ்சு' என்றும் 'பஞ்சாமி' என்றும் இரண்டு மூன்று எழுத்தில் முடித்துவிட்டன. தட்சிணாமூர்த்தி 'தெட்சணாமூர்த்தி' ஆனதும், தியாகராஜன் 'தியாகு' ஆனதும், வைத்தியநாதன் 'வைத்தி' ஆனதும் அதே போக்குத்தான். பெருங்கோயில் தந்த பெயரை வாய் தன் அளவுக்கு வெட்டிக்கொள்கிறது.

ஒரே ஆளுக்கு இரண்டு தெய்வங்கள் உரிமை கொண்டாடிய நிகழ்வும் உண்டு. 1855இல் பிறந்த உத்தமதானபுரத்துக்காரர் உ. வே. சாமிநாதையருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்ததோ சாமிநாதன். அவர் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவரான பின், ஆசிரியர் விருப்பப்படி வீட்டுப் பெயரே உலகப் பெயராயிற்று. மலையப்பனுக்குரிய வேங்கடமும் அயோத்தி ராமனும் ஒன்றாகும் வேங்கடராமன் என்ற பெயர் திருப்பதியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களில் மிகுதி. பட்டுக்கோட்டையை அடுத்த ராஜாமடத்தில் 1910இல் பிறந்து 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்தவரும் வேங்கடராமன்தான்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி ஆகிய தென்பகுதிகளின் நிலை வேறு. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய் வழியே காவிரி நீர் பாய்ந்த பின்னரே இங்கே நெல்வயல்கள் பரந்தன; பாடல்பெற்ற தலங்கள் வட தஞ்சையில் நெருங்கியிருப்பதுபோல் இங்கே இல்லை. அந்த வெற்றிடத்தில் நாடியம்மனும் மாரியம்மனும் கருப்பரும் முனியும் வீரனும் நின்றார்கள். கருப்பையன், வீரையன், முனியாண்டி, காத்தான் என்று அவர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் ஆனார்கள். பெயரின் ஈறு சாதிப்படிநிலையின் அளவுகோலாகவும் இருந்தது. கருப்பசாமி என்று ஏட்டில் இருந்தாலும் மிராசுதார் வீட்டு வாசலில் பண்ணையாள் 'கருப்பன்'தான், வயது எழுபதானாலும் 'டேய் கருப்பா'தான். மிராசுதாரின் பெயரோ அவருடைய பட்டத்துக்குள் மறைந்து ஒருவர் வாயிலும் வராது. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் விவசாயிகள் இயக்கம் நடத்திய போராட்டங்களில் கூலி உயர்வோடு மரியாதையும் ஒரு கோரிக்கையாக இருந்தது. ஒருவரை முழுப்பெயரால் அழைப்பது அந்த மரியாதையின் முதற்படி.

குப்பன், குப்புசாமி, பிச்சை, பிச்சைமுத்து, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள் இழிவுக்காக வைத்தவை என்று எண்ணுவது பிழை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் புதிதாகப் பிறந்தவனைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பதும், அயலாரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவதும், பிச்சை எடுத்த பொருளைக் கொண்டு ஒரு சடங்கைச் செய்து பிழைக்க வைக்க முயல்வதும் நடந்தன. விலையற்றவன் என்று காட்டினால் எமன் ஏறிட்டுப் பாரான் என்பது நம்பிக்கை. மங்கோலியர் இதே நோக்கத்தில் 'பெயரில்லாதவன்' என்று பொருள்படும் 'நெர்குய்' என்ற பெயரை வைத்தார்கள். அந்த ஏமாற்றில் தமிழரின் கற்பனை ஒரு படி கூடுதல். பெயரோடு நாடகத்தையும் அவர்கள் நடத்தினார்கள்.

இவ்வகையைச் சேர்ந்த 'பக்கிரிசாமி', காவிரிப் படுகையின் தனி முத்திரை எனலாம். வறியவர், துறவி என்னும் பொருள்கொண்ட 'ஃபக்கீர்' என்ற அரபுச் சொல்லோடு 'சாமி' சேர்ந்து பிறந்த இப்பெயரைத் தாங்கியோரில் பெரும்பாலோர் இந்துக்கள். பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவுக்குப் பிள்ளைவரம் வேண்டி நேர்ந்துகொண்டவர்கள், பிறந்தவனை அவருடைய பக்கிரியாக ஒப்படைப்பதாகச் சொல்லி வைத்த பெயர் அது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் அந்தத் தர்காவின் பெரிய மினாராவை எழுப்பியது மன்னர் செலுத்திய கடன் என்றால் பக்கிரிசாமி என்பது குடிகள் செலுத்திய கடன். இன்று அப்பெயர் அருகிவிட்டது. சமய எல்லைகளைப் பற்றிப் பெரிதாக ஏதும் பேசாமலே அவற்றைக் கடந்து நின்ற ஒரு பெயர் மறைவதை வெறும் நாகரிக மாற்றமாகக் கொள்வதற்கில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து கடற்கரை நோக்கிச் சென்றால் வரும் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் முஸ்லிம் ஆண்களின் பெயர்கள் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. அப்துல் காதர், முகையதீன் என்பன 1166இல் மறைந்த பக்தாத் ஞானி முகையதீன் அப்துல் காதர் ஜீலானியின் பெயரிலிருந்து பிரிந்தவை. முன்னது 'ஆற்றலுடையோனின் அடியான்' என்றும் பின்னது 'மார்க்கத்துக்கு உயிரூட்டியவர்' என்றும் பொருள்படும். சாகுல் ஹமீது, நாகூர் மீரான், சேக் தாவூது ஆகியவை உள்ளூர் ஊற்று. சேக் தாவூது முத்துப்பேட்டைக்கு அருகே சாம்பவானோடையில் அடங்கியவர். அரபுப் பெயர் என்று தோன்றும் ஒன்றும் இங்கே ஓர் ஊரின், ஓர் அடக்கத்தலத்தின் பெயராக இருப்பதைக் காண்கையில், திருவாரூர்த் தியாகராஜனுக்கும் நாகூர் மீரானுக்கும் பெயரிடும் முறையில் வேறுபாடு குறைவே எனலாம்.

கத்தோலிக்கப் பெயர்களின் கதை இதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது. இங்கு மறைப்பணியாளர்கள் புனிதர்களின் பெயர்களை ஒலியால் மட்டுமன்றிப் பொருளாலும் பெயர்த்தார்கள். பாறை என்னும் பொருளுடைய பேதுரு, கல்லைக் குறிக்கும் 'ராயி' என்ற தெலுங்குச் சொல்லைத் தழுவி ராயப்பர் ஆனார். சிறியவர் என்னும் பொருளுடைய பவுல் சின்னப்பர் ஆனார். கடவுளின் அருளைச் சுட்டும் யோவான் அருளப்பர் ஆனார். இவற்றிலிருந்து வந்த ராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்ற பெயர்களைக் கேட்டு இவை விவிலியப் பெயர்கள் என்று அயலார் ஊகிப்பது கடினம். சூசை, இன்னாசி, சவரிமுத்து ஆகியவை ஒலிவழி வந்தவை. 'சவேரியார்' என்பதோடு நாட்டு 'முத்து' இணைந்த சவரிமுத்து இவ்விரண்டு முறைகளுக்கும் நடுவில் நிற்கிறது. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடம் நேர்ந்து பெற்றவன் ஆரோக்கியசாமி.

தெய்வத்துக்கும் பாட்டனுக்கும் செலுத்திய கடனைத் தலைவர்கள் பக்கம் திருப்பியது இருபதாம் நூற்றாண்டு. அதற்கு முன்னோடியாக நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்த வேதாசலம், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. பெயரின் வால் அறுந்தது. அடுத்த தலைமுறையில் பெயரின் உடலே மாறிற்று. திருக்கண்ணபுரத்தில் பிறந்த நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், காட்டூரில் பிறந்த ராமையா அன்பழகன் ஆனார். மற்றவர்கள் இவ்வாறு வடமொழிப் பெயர்களைக் களைந்துகொண்டிருக்க, திருக்குவளையில் பிறந்த தட்சிணாமூர்த்தியோ கருணாநிதி என்ற மற்றொரு வடமொழிப் பெயரோடேயே திராவிட இயக்கத்தின் பெருந்தலைவரானார்.

பட்டுக்கோட்டை அருகே வாட்டாக்குடியில் பிறந்த வெங்கடாசலத்தின் பெயர்மாற்றம் இவற்றினும் துணிவானது. விவசாயிகளைத் திரட்டிய பொதுவுடைமை வீரரான அவர் 'இரணியன்' என்ற பெயரால் அறியப்பட்டு, அப்பெயரோடேயே 1950இல் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானார். புராணத்தில் நரசிம்மரால் மாளும் இரணியனை, பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகம் தலைவனாக்கி மேடையேற்றியிருந்தது. வெங்கடாசலம் என்பதும் விஷ்ணுவின் பெயர், இரணியன் என்பதோ விஷ்ணுவின் பகைவன் பெயர். எந்தத் தெய்வத்துக்குக் கடனாகப் பெற்றோர் பெயரிட்டார்களோ அந்தத் தெய்வத்தின் எதிரணியில் ஒருவர் தம் பெயரை எழுதிக்கொண்டதற்கு இதைவிடக் கூர்மையான சான்று இவ்வட்டாரத்தில் இல்லை.

சுயமரியாதை இயக்கத்தின் பேச்சாளர்களில் தலைசிறந்தவரான பட்டுக்கோட்டை அழகிரிசாமி 1949இல் மறைந்தார். 'அழகிரி' என்பது மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலை. அதாவது கடவுளை மறுத்துப் பேசியவர் வாழ்நாள் முழுவதும் ஒரு வைணவத் தலத்தின் பெயரைச் சுமந்திருந்தார். அவரிடம் பெருமதிப்புக் கொண்ட கருணாநிதி, 1951இல் பிறந்த தம் மகனுக்கு அழகிரி என்று பெயரிட்டார். அதே குடும்பத்தில் 1948இல் பிறந்த மூத்த மகன் முத்து, பாட்டனார் முத்துவேலரின் பெயரைப் பெற்றவர். 1953 மார்ச் 1இல் பிறந்தவருக்கு, நான்கு நாள் கழித்து மறைந்த சோவியத் தலைவர் ஸ்டாலினின் பெயர் வாய்த்தது. பாட்டன், தலைவர், உலகத் தலைவர் என்று ஏறத்தாழ ஐந்தாண்டில் ஒரே வீட்டில் மூன்று கடன்கள் செலுத்தப்பட்டன. மலையின் பெயர் மனிதருக்கும் மனிதரின் பெயர் மற்றொரு பிள்ளைக்கும் சென்ற இந்தப் பயணத்தில் 'அழகிரி' என்ற சொல்லின் அகராதிப் பொருள் சிறிதும் மாறவில்லை. அது யாரை நினைவூட்டுகிறது என்பது மட்டும் முற்றிலும் மாறிவிட்டது.

பின்னர் வந்த சுரேஷ், ரமேஷ், தினேஷ் அலையைப் புதுமை மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ரமையின் தலைவன் ரமேசன், சுரர்களின் தலைவன் சுரேசன் என்ற அளவில் இவையும் தெய்வப் பெயர்களே. ஈற்றிலிருந்த 'அன்' விகுதி உதிர்ந்து வடநாட்டு ஒலி பெற்றன. ஆனால் பஞ்சாபகேசனுக்கு ஒரு திருவையாறு இருப்பதுபோல் ரமேஷுக்கு ஓர் ஊர் இல்லை. சோதிட வழக்கமும் இப்போக்குக்குத் துணைசெய்தது. பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று பஞ்சாங்கங்கள் தரும் பட்டியல், அசுவினிக்கு 'சு, சே, சோ, லா' என்று சொல்கிறது. லகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. 'லா'வில் பெயர் தேடுபவர் தமிழுக்கு வெளியே போகாமல் வேறு வழியில்லை. எண்கணிதக் கூட்டுத்தொகைக்காக ஆங்கில எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் பெயரெழுதும் வழக்கம் அதற்கும் அடுத்த கட்டம்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பதியலாம். பதிவேட்டில் ஒரு பெயருக்கு மட்டுமே இடம் என்பதால், முன்பு வீட்டுப் பெயர், ஏட்டுப் பெயர் என்று பிரிந்து அமைதியாக வாழ்ந்த இரண்டும் இப்போது அந்த ஒரே கட்டத்துக்குப் போட்டியிடுகின்றன. பாட்டன் பெயர் வேண்டுமென்று பெரியவர்களும், சுருக்கமாக இருக்க வேண்டுமென்று பெற்றோரும் வாதாடி முடிவில் காணும் உடன்பாடு பெரும்பாலும் முதலெழுத்தோடு நின்றுவிடுகிறது. கல்யாணசுந்தரத்தின் பேரன் கவின் ஆகிறான். சுந்தரம், கவின் இரண்டுமே அழகைக் குறிப்பவை என்பதை அவ்வீட்டில் எவரும் எண்ணிப் பார்த்து அந்தப் பெயரைத் தேர்ந்திருக்க வேண்டியதில்லை. 'க' என்ற எழுத்து போதுமானதாக இருந்தது.